ஒன்றாம் நம்பர் அட்டை

கிளை நூலகத்துக்கு வாசகர் என்று இருப்பது ஒரே ஒரு ஆள்தான் என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்த செய்தி வந்தபோது, அந்த ஒரு ஆள் பிளம்பரின் தலையில் பாதி முடியை வெட்டி முடித்திருந்தார். எதிர்ச்சாரியிலிருந்து நூலகத்து அம்மா தெருவைக் கடந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். நிதானத்துக்குப் பேர்போனவர் அவர். மழை கொட்டினாலும் குடையை விரித்து, அதன் மடிப்புகளை நீவிவிட்டுத்தான் படியிறங்குவார். அப்படிப்பட்டவர் ஓடிவருவதைப் பார்த்ததுமே சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன மேடம், யாருக்கு என்ன ஆச்சு?”

“நமக்குத்தான்,” என்று ஒரு கடிதத்தை நீட்டினார் அவர்.

சலூன்காரர் அதை வாங்கி, வழக்கம்போலப் பக்கத்து ஜன்னல் வழியாக நீட்டினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் மனைவியின் இஸ்திரி மேசை. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். கடிதத்தில் இரண்டு சமாச்சாரங்கள் இருந்தன. நான்கு வருடக் கணினிப் பதிவின்படி இந்தக் கிளையில் புத்தகம் எடுப்பவர் ஒரே ஒரு உறுப்பினர் என்பதால், மாதக் கடைசியில் கிளை மூடப்படும். அதற்குமுன் புதன்கிழமை அதிகாரி நேரில் வருவார். இது முதல் சமாச்சாரம். அந்த ஒரே உறுப்பினர், அட்டை எண் ஒன்று, நான்கு வருடத்தில் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் எடுத்திருப்பதால் அவருக்குச் சிறந்த வாசகர் விருது என்பது இரண்டாவது.

எல்லோரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். செய்தித்தாளில் கொட்டை எழுத்தைத் தாண்டிக் கீழே இறங்கமாட்டார். புத்தகம் என்று ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவர் தன் ஆயுளில் படித்ததில்லை.

“மீதி முடியையாவது வெட்டி விடுங்கண்ணே,” என்றார் பிளம்பர்.

இந்த வினை வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். நூலகம் திறந்தபோது உறுப்பினராக ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள். சொந்த வீடு உள்ளவர் யாராவது, புத்தகத்துக்கு நான் பொறுப்பு என்று போட வேண்டும். அந்தத் தெருவிலோ முக்கால்வாசிப் பேர் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால், “நாளைக்கு நீ காலி பண்ணிட்டுப் போயிட்டா நான் எங்க போய் உன்னைத் தேடறது?” என்று கதவைச் சாத்தினார்கள். தெருவில் ஜாமீன் கேட்காமல் அட்டை கிடைத்தது சலூன்காரருக்கு மட்டும்தான். கடை அவர் அப்பா வாங்கிப்போட்டதுதான், ஆனால் காரணம் அது இல்லை. திறந்த அன்று முதல் உறுப்பினராக யாராவது வேண்டும் என்று நூலகத்து அம்மா எதிர்க்கடையைப் பார்த்தார். இவர் சவர நுரை காயாத கையோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மறுவாரம் பிளம்பர் வந்து தலையைச் சொறிந்தார். “அண்ணே, உங்க அட்டையில எனக்கு ஒரு கடல் கதை எடுத்துத் தர்றீங்களா?” அப்புறம் இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸ். அப்புறம் ஓய்வுபெற்ற தபால்காரர். அப்புறம் இஸ்திரிக்குத் துணி கொண்டுவரும் பெண்கள் எல்லோரும். ஒரு அட்டைக்கு நான்கு புத்தகம்தான். ஆகவே வரிசை வைத்தார்கள். மூன்று நாளுக்குமேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுப்பது சலூனில். யார், என்ன புத்தகம், அடுத்து யாருக்கு என்பதை சலூன்காரர் மனைவி துண்டுச் சீட்டில் எழுதி, ரசீது குத்தும் கம்பியில் குத்தி வைப்பாள். நூலகத்து அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒருவர் அட்டையில் இன்னொருவர் எடுப்பது விதிப்படி குற்றம் என்றும் தெரியும். ஆனாலும் புத்தகங்கள் அலமாரியில் தூங்குவதைவிட அலைவது நல்லது என்று அவர் கண்டும் காணாமல் இருந்தார்.

சலூன்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “எம்பேர்ல இருக்கற புத்தகம். நாளைக்கு எவனாவது வந்து, இதுல என்ன இருக்குன்னு கேட்டா நான் முழிக்கக் கூடாது. படிச்சவங்க கதையைச் சொல்லிட்டுத்தான் புத்தகத்தை வைக்கணும்.”

பயத்தில் போட்ட நிபந்தனைதான். ஆனால் ஆறு மாதத்தில் அது அவருக்கு ருசி தட்டிவிட்டது. தலைக்குத் தண்ணீர் தெளித்து, கழுத்தில் துணியைக் கட்டி, “ம், ஆரம்பி,” என்பார். கதை நீளமாக இருந்தால் கத்திரி மெதுவாகப் போகும். முக்கியமான கட்டம் வந்தால் நின்றேவிடும். பிளம்பர் சொல்லும் எந்தக் கதையிலும் எங்காவது ஒரு குழாய் ஒழுகும். நர்ஸ் சொன்னால் கதாநாயகனுக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே காய்ச்சல் வந்துவிடும். தபால்காரர் கதையை விட்டாலும் விடுவார், விலாசத்தை விடமாட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியும் அதே வேகத்தில்தான் நகரும். கதை சோகமாக முடிந்த நாட்களில் ஒன்றிரண்டு சட்டைக் காலர்கள் லேசாகப் பழுப்பேறியதும் உண்டு.

அன்று சாயங்காலம் சலூனில் கூட்டம் கூடியது. இருந்த இரண்டு நாற்காலியிலும் பெஞ்சிலும் ஆட்கள். கதவருகே நர்ஸ் சீருடையோடு நின்றாள். அவள் பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர். எதிர்க்கட்டடத்தில் மின்விசிறிக்குக் கீழே உள்ள மூலை மேசைதான் அவளுக்குப் படிப்பறை.

“தலைமை லைப்ரரிக்கு ரெண்டு பஸ் மாறணும்,” என்றாள். “டியூட்டி முடிஞ்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க பூட்டிருவாங்க. எனக்கு இது போச்சுன்னா பரீட்சையும் போச்சு.”

“உண்மையைச் சொல்லிட்டா என்ன?” என்றார் சலூன்காரர். “ஒரு அட்டையில ஊரே படிச்சுதுன்னு சொல்லுவோம்.”

“சொல்லலாம்,” என்றார் தபால்காரர். “அப்புறம் இந்தம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தெரிஞ்சே விட்டதுக்கு வேலையே போயிடும். முப்பத்தஞ்சு வருஷம் சர்க்கார்ல குப்பை கொட்டினவன் சொல்றேன்.”

“என்னைப் பாக்காதீங்க,” என்றார் நூலகத்து அம்மா. குரல் என்னவோ தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“நான் ஒரு வழி சொல்றேன்,” என்றார் பிளம்பர். “அண்ணனுக்கு எல்லாக் கதையும் மனப்பாடம். அந்த ஆபீசர் வரட்டும். எதைக் கேட்டாலும் அண்ணன் பிச்சு உதறட்டும். இப்பேர்ப்பட்ட ஒரு வாசகர் இருக்கற இடத்துல லைப்ரரியை மூடலாமான்னு நாம கேப்போம். உண்மையும் வெளிய வராது, அம்மா வேலையும் போகாது.”

“அதான் சரி,” என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சலூன்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வேட்டியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அது எதனால் என்று அவருக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் ஒரு தலைமை ஆசிரியர். கல்யாணப் பேச்சின்போது, “எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கா என் தங்கச்சி?” என்று கேட்டவர். இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது. மத்தியானமே அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, விருது விஷயத்தைச் சொல்லிவிட்டாள். விருது கொடுக்கும் விழாவுக்கு அவரும் வருகிறாராம்.

“நான் படிக்காததைப் படிச்சேன்னு சொல்லச் சொல்றியா?” என்று கூட்டம் கலைந்த பிறகு அவர் கேட்டார்.

“படிச்சா என்ன, கேட்டா என்ன? ரெண்டுமே உள்ளதானே போகுது. எங்கண்ணன் படிச்சதுல பாதி அவருக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு எல்லாமே இருக்கு.”

“சொல்றதுக்கு நாக்கு வரணுமே.”

“அது வரும். நாலு வருஷமா காது வந்துச்சுல்ல,” என்று சொல்லி அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அடுத்த மூன்று நாளும் சலூனில் ஒத்திகைதான். முடி வெட்ட வந்தவர்கள் எல்லாம் பரீட்சை வைத்தார்கள். அவர் ஒன்றையும் விடவில்லை. மலைமேல் தனியாக வாழ்ந்த வாத்தியக்காரனா, இரட்டைக் குழந்தைகளைப் பிரிந்த தாயா, திருடனாக மாறிய நீதிபதியா, எதைக் கேட்டாலும் பொரிந்து தள்ளினார். பிளம்பருக்கு வாய் காதுவரை போயிற்று.

புதன்கிழமை காலை அதிகாரி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நூலகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கையில் ஒரு கோப்பு, கன்னத்தில் இரண்டு நாள் தாடி. தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேராகச் சலூனுக்குள் வந்து உட்கார்ந்தார்.

“ஷேவிங் பண்ணணுங்க. ஒரு ஆபீஸ் வேலையா வந்தேன். இங்க ஒரு சலூன் வச்சிருக்கறவர், ரெண்டாயிரம் புத்தகம் படிச்சவராமே, அவரைத் தெரியுமா உங்களுக்கு?”

சலூன்காரரின் கையில் பிரஷ் ஒரு நொடி நின்றது. “நான்தாங்க அது.”

அதிகாரி கண்ணாடியில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. “முப்பது வருஷமா லைப்ரரியில வேலை பாக்கறேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்லை. மூடணும்னு வரும்போது எனக்கே மனசு வரலை. இருந்தாலும் ஒரு ஆளுக்காக ஒரு கட்டடம், ஒரு ஊழியர், கரண்ட்டு. மேல இருக்கறவங்க கேக்கறாங்களே, நான் என்ன சொல்றது?”

நுரை தடவி முடிந்தது. கத்தி வலது கன்னத்தில் இறங்கியது. அதிகாரி வாயைக் கோணாமல் பேசக் கற்றவராக இருந்தார். “உப்புக் கப்பல் கதை ஒண்ணு இருக்கே, அதைப் பதிமூணு தடவை எடுத்திருக்கீங்க. எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு அதுல எது பிடிச்சது?”

பதிமூன்று தடவையும் எடுத்தவர் பிளம்பர். கதையைச் சலூன்காரர் பதிமூன்று தடவை கேட்டிருக்கிறார். அதைச் சொல்வதென்றால் அவருக்கு வெல்லம். ஆரம்பித்தார். வீட்டைவிட்டுப் போய் ஏழு வருடம் ஆன மாலுமி, உப்பு ஏற்றிக்கொண்டு சொந்தத் துறைமுகத்துக்குத் திரும்புகிறான். கரையில் அவன் வீட்டு விளக்கு தெரிகிறது. வீடு தெரியும் தூரத்தில் வைத்துக் கப்பல் முழுகுகிறது. உப்பெல்லாம் கரைந்து, தேட ஒன்றுமில்லாமல் போகிறது. கத்தி கன்னத்திலிருந்து தாடைக்கு வந்துவிட்டது. அதிகாரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாவி, அவன் பண்ணின ஒரே தப்பு என்னங்க?” என்றார் சலூன்காரர் உருக்கமாக. “புறப்படறதுக்கு முந்தியே அந்தப் பம்பைப் பாத்திருக்கணும். வாஷர் தேஞ்சு போச்சு. உள்ள வந்த தண்ணியை இறைக்க முடியல. நாலணா வாஷர்ங்க. அதை மாத்தியிருந்தா அவன் அன்னைக்கு வீட்டுல சாப்பிட்டிருப்பான்.”

அதிகாரி கண்ணைத் திறந்தார். “என்ன வாஷர்?”

“பம்பு வாஷர்.”

“அந்தக் கதையில பம்பே கிடையாதுங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டுப் பாறை இருக்கற வழியா விடுவான். அப்படித்தான் முழுகும். நான் மூணு தடவை படிச்சிருக்கேன்.”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி நின்றுபோனது. சலூன்காரர் கத்தியைத் தாடையிலிருந்து எடுத்தார். வேறு பதிப்பு என்று சொல்லலாம். மறந்துபோச்சு என்று சொல்லலாம். பொய்க்கு இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வந்தது சிரிப்பு. பதிமூன்று தடவை கேட்ட கதையில், அவர் அழுத அதே இடத்தில், பிளம்பர் தன் கைவேலையைக் காட்டியிருக்கிறார். இந்த மனுஷன் யார் கதையைச் சொன்னாலும் கடைசியில் தன்னையேதான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. சிரிப்பு அடங்கியதும், பொய் சொல்லும் தெம்பும் போய்விட்டது.

அவர் கத்தியை மடக்கி வைத்தார். மனைவியின் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“ஐயா, நான் ஒரு புத்தகமும் படிச்சதில்லை. அஞ்சாவதோட சரி. அத்தனையும் இந்தத் தெரு படிச்சது. எனக்குக் கதை சொல்லுவாங்க, அவ்வளவுதான். பிளம்பர் படிச்சா அதுல வாஷர் வந்துரும். லைப்ரரி அம்மா மேல தப்பு இல்லை. அட்டையைக் கொடுத்தவன் நான். என்ன தண்டனைன்னாலும் எனக்குக் கொடுங்க. லைப்ரரியை மட்டும் மூடாதீங்க.”

பாதி முகத்தில் நுரையோடு அதிகாரி எழுந்து உட்கார்ந்தார். “தெருவே படிச்சுதுன்னா எத்தனை பேர்? சும்மா வாயால சொன்னா நான் எதை எழுதறது? ஆதாரம் வேணுமே.”

அதற்குள் கடை வாசலில் சலூன்காரர் மனைவி வந்து நின்றாள். கையில் துணிப்பை. அதைத் திறந்து நான்கு கம்பிகளை எடுத்து, சீப்பையும் பவுடர் டப்பாவையும் ஒதுக்கிவிட்டு மேசைமேல் வைத்தாள். கம்பிகொள்ளாமல் துண்டுச் சீட்டுகள்.

“வருஷத்துக்கு ஒரு கம்பி,” என்றாள். “யார், என்ன புத்தகம், என்னைக்கு, எல்லாம் இருக்கு. ரெண்டாயிரத்து நூத்துப் பன்னெண்டு சீட்டு. ஆளுங்க எண்பத்து மூணு. எழுத்து என்னோடது. சந்தேகம்னா எண்ணிக்கோங்க.”

“எண்பத்து மூணா?”

“நேத்து மத்தியானம் எண்ணிப் பாத்தேன்.”

சலூன்காரர் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அண்ணனிடம் விருதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னவளே, இவர் வாய் தவறினால் என்ன செய்வது என்று உட்கார்ந்து சீட்டு எண்ணியிருக்கிறாள். அவர் கம்பியிலிருந்த ஒரு சீட்டைத் தடவிப் பார்த்தார். அவளோ, “நுரை காயுது பாருங்க, மீதிக் கன்னத்தை முடிங்க,” என்றாள்.

மீதிக் கன்னமும் முடிந்தது. படிகாரம் தடவியதும் அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் ஓரிரு தடவை அவரும் சிரித்துக்கொண்டார். பத்து மணிக்கு நூலகத்து அம்மா உள்ளே வந்தபோது அவரிடம் கேட்டார்:

“ஜாமீன் விதியை முழுசாப் படிச்சீங்களா?”

“சொந்த வீடு உள்ளவங்க...”

“சொந்த வீடு, அல்லது சொந்தக் கடை. அடுத்த பக்கத்துல இருக்கு. ஒருத்தரே எத்தனை பேருக்கு வேணும்னாலும் போடலாம்.” அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். “இத்தனை புத்தகம் படிச்ச தெருவுல, அந்தப் பக்கத்தை மட்டும் ஒருத்தரும் படிக்கலை.”

முடிவு இப்படி ஆனது. நூலகத்து அம்மாவுக்கு எழுத்துமூலம் ஒரு கண்டிப்பு. கிளைக்கு மூன்று மாத அவகாசம். அதற்குள் எண்பத்து மூன்று பேரும் சொந்த அட்டை எடுத்துக்கொண்டு, சொந்தப் பேரில் படித்துக் காட்ட வேண்டும். அட்டையை இரவல் கொடுத்த குற்றத்துக்காக ஒன்றாம் நம்பர் அட்டை ஒரு வருடத்துக்கு முடக்கம். விருது ரத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூனிலிருந்து நூலக வாசல்வரை வரிசை நின்றது. சலூன்காரர் எண்பத்து மூன்று விண்ணப்பத்திலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு வாங்கினார். ஐம்பதைத் தாண்டியதும் விரல் மரத்துப்போய், நர்ஸ் பிடித்துத் தேய்த்துவிட்டாள். மனைவியின் விண்ணப்பம் கடைசி. அப்போது அவளுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஜன்னலருகே நின்று அவள் பேசியது கடைக்குள் தெளிவாகக் கேட்டது.

“விருது இல்லண்ணா. ஆமா, ரத்து பண்ணிட்டாங்க. நீங்க வர வேண்டாம். இல்லண்ணா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு. எண்பத்து மூணு பேருக்கு. உங்க ஊர்ல யாராவது ஒருத்தர் அப்படிப் போடுவாங்களா, கேட்டுச் சொல்லுங்க.”

மூன்று மாதம் முடிந்தது. நூலகம் மூடவில்லை. நர்ஸ் மூலை மேசையில் படித்துப் பரீட்சை எழுதினாள். எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் சலூன்காரருக்கு மட்டும் ஏதோ குறைந்தது. அட்டை கைக்கு வந்ததும் ஆட்கள் நேரே எதிர்க்கட்டடத்துக்குப் போய் எடுத்து, நேரே அங்கேயே திருப்பினார்கள். அதுதான் சரியும்கூட. முடி வெட்ட வந்தால் வெயிலைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசினார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலியான கம்பியைத் துடைத்து, ஆணியில் மாட்டி வைத்தார். தெருவுக்கே கிடைத்த நூலகம் தன் காதுக்கு மூடிப்போனதாக அவருக்கு இருந்தது.

இஸ்திரி மேசையிலிருந்து பார்ப்பவளுக்கு இது தெரியாமல் போகுமா? ஒருநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், ஜன்னல் விளிம்பில் ஒரு புத்தகம் இருந்தது. உப்புக் கப்பல்.

“என் அட்டையில எடுத்தது,” என்றாள். “உங்களுக்குக் கொடுக்க மாட்டேன், விதி இருக்கு. நான் சாப்பிடப் போறேன். அது பாட்டுக்கு இங்க கிடக்கும். உங்க கண்ணு தானா போய் விழுந்தா அதுக்கு ஆபீசர் என்ன பண்ணுவாரு?”

அவர் கண் போய் விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பிறகு இரண்டு. உதடு அசைய, விரலை வரியின்கீழ் வைத்துப் படித்தார். தடுக்கிய இடத்தில் ஜன்னலைத் தட்டுவார். அவள் மடிப்பிலிருந்து கண்ணெடுக்காமல் அந்த வார்த்தையைச் சொல்வாள். அவள் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் புதுப்பித்தாள். நான்கு மாதம் ஆயிற்று. கடைசிப் பக்கம் முடிந்த அன்று அவர் வெகுநேரம் சுழல் நாற்காலியில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதிகாரி சொன்னது வாஸ்தவம். பாறைதான். பம்பு என்ற பேச்சே இல்லை.

மறுநாள் பிளம்பர் முடி வெட்ட வந்தார். வேலைக்களைப்பு. துணியைக் கட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“தூங்காதே,” என்றார் சலூன்காரர். “நான் ஒரு புத்தகம் படிச்சேன்.”

பிளம்பர் கண்ணைத் திறந்தார். “நீங்களா? படிச்சீங்களா?”

“முழுசா. கதை சொல்றேன் கேளு. குறுக்கே பேசாதே.”

கத்திரி மெதுவாகப் போனது. ஏழு வருடம் கடலில் இருந்த மாலுமியும், உப்பு மூட்டைகளும், கரையில் தெரிந்த விளக்கும் ஒவ்வொன்றாக வந்தன. விளக்கைச் சொல்லும்போது, மாலுமியின் மனைவி ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்று அவர் சொன்னார். பிளம்பர் பதிமூன்று தடவை படித்த கதை. இருந்தும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்புறம் கப்பல் ஏன்ணே முழுகுச்சு?” என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர் போல.

சலூன்காரர் கத்திரியை நிறுத்தினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியும் நின்றது.

“வேற எதனால?” என்றார். “வாஷர் தேஞ்சு போச்சு.”